புகைபோக்கிக்குள் போன பையன்கள்

1744-இல் லண்டனில் ஜான் நியூபெரி என்ற பதிப்பாளர் சிறுவர்களுக்கென்றே ஒரு குட்டிப் புத்தகம் போட்டார். கொஞ்சம் காசு கூடக் கொடுத்தால் பையனுக்கு ஒரு பந்து, பெண்பிள்ளைக்கு ஊசி குத்திவைக்கும் சின்னத் திண்டு. பிள்ளைகள் விளையாடிக்கொண்டே படிக்கட்டும் என்று தத்துவ அறிஞர் ஜான் லாக் 1693-லேயே எழுதியிருந்தார். வசதியான வீடுகளில் அந்த எண்ணம் மெல்ல வேர்பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது.

அதே வீடுகளின் சுவருக்குள் ஆறேழு வயதுப் பையன் ஏறிக்கொண்டிருந்தான்.

நிலக்கரி அடுப்புக்காகக் கட்டிய புகைபோக்கிகள் குறுகல். சிலது ஒன்பது அங்குலம்தான், அதிலும் வளைந்து வளைந்து போகும். பெரிய ஆள் நுழைய முடியாது. பையன் முகத்தில் துணித்தொப்பியை இழுத்துவிட்டு, தலைக்கு மேல் பிரஷைப் பிடித்து, முழங்கையாலும் முட்டியாலும் உந்தி உந்தி ஏறுவான். புதுப் பையனுக்குத் தோல் உரிந்து ரத்தம் வரும். எஜமான் அதில் உப்புத் தண்ணீரைத் தேய்த்து நெருப்பருகே நிற்க வைப்பார், தோல் காய்த்துப் போகட்டும் என்று. ராத்திரி படுக்கை கரி மூட்டைமேல். அந்தக் கரியும் வீணில்லை, உரமாக விலைபோனது.

இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு விதைப்பையில் புற்று வருவதை 1775-இல் பெர்சிவல் பாட் என்ற மருத்துவர் எழுதினார். ஒரு தொழிலால் வரும் புற்றுநோயை முதலில் அடையாளம் காட்டியவர் அவர்தான் என்பார்கள்.

1788-இல் ஒரு சட்டம் வந்தது: எட்டு வயதுக்குக் கீழ் வேலைக்கு எடுக்கக்கூடாது. எஜமானர்கள் உரிமம் வாங்க வேண்டும் என்றும் மசோதாவில் இருந்தது. பிரபுக்கள் சபை அதை வெட்டிவிட்டது. மேற்பார்க்க ஆள் இல்லாத சட்டத்துக்கு யார் பயப்படுவார்? 1803-லேயே நீளக்கழி பிரஷ் வந்துவிட்டது. வளைந்த புகைபோக்கியை இடித்துக் கட்ட வேண்டுமே என்று வீட்டுக்காரர்கள்தான் மறுத்தார்கள். 1840-இல் 21 வயதுக்குக் கீழ் யாரும் ஏறக்கூடாது என்றார்கள். அப்போதும் பையன்கள் ஏறினார்கள்.

நடுக்கால ஐரோப்பாவில் குழந்தைப்பருவம் என்ற எண்ணமே இல்லை என்று 1960-இல் வரலாற்றாசிரியர் ஃபிலிப் ஆரியேஸ் எழுதினார். பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் பலர் அதை மறுத்தார்கள். அந்தச் சண்டை ஒருபக்கம் நடக்கட்டும். எண்ணம் இருந்ததா என்பதைவிட, யார் வீட்டுப் பிள்ளைக்கு இருந்தது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. பந்தோடு புத்தகம் வாங்கிக் கொடுத்த குடும்பத்துக்குத் தன் பிள்ளை குழந்தை. புகைபோக்கியில் ஏறியவன் வேலைக்காரன்.

1875 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ் அருகே ஃபுல்போர்ன் மருத்துவமனையில் ஜார்ஜ் ப்ரூஸ்டர் என்ற சிறுவன் புகைபோக்கிக்குள் சிக்கினான். சுவரை இடித்து வெளியே எடுத்தார்கள், பிழைக்கவில்லை. எஜமானுக்கு ஆறு மாதம் கடுங்காவல். இந்த வழக்கத்தை எதிர்த்துப் பல காலமாகப் போராடிய ஷாஃப்ட்ஸ்பரி பிரபு அதே ஆண்டு புதுச் சட்டத்தை நிறைவேற்ற வைத்தார். புகைபோக்கித் தொழில் செய்பவர் ஆண்டுதோறும் போலீஸிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். 87 ஆண்டுக்கு முன் பிரபுக்கள் வெட்டியெறிந்த அதே வரி! பையன்கள் ஏறுவது அதன்பிறகுதான் ஒழிந்தது.

1880-இல் 5 முதல் 10 வயதுவரை பள்ளிக்கூடம் கட்டாயமானது. இந்தத் தடவை முணுமுணுத்தவர்களில் பிள்ளையின் வாரக்கூலியை நம்பி அடுப்பெரித்த ஏழைத் தாய்தகப்பன்மாரும் இருந்தார்கள்.