நம்ம ஊர்ப் பெரியவங்களை அளந்தது யார்?

ஒன்றியச் செயல்வீரர்கள் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையிலிருந்து:



உதவித்தொகை பற்றி எல்லாரும் பேசிட்டாங்க. நான் இஞ்ச் டேப் பற்றிப் பேசப் போறேன். சிரிக்காதீங்க.

ஒரு முகாமில் வயதானவர்களுக்குக் கைத்தடி கொடுத்தாங்க. வாங்கின ஒரு ஆயா, தோளைத் தூக்கிக்கிட்டே நடந்து போறாங்க. அது ஏத்தி இறக்குற தடிதான். பட்டனை அமுக்கினா ரெண்டு ஓட்டை இறங்கும். அளந்து வெச்சுக் கொடுக்கத்தான் ஆள் இல்லை! நேரா நின்னு கையைத் தொங்கவிட்டா, தடியின் பிடி மணிக்கட்டு மட்டத்துக்கு வரணும். இவ்வளவுதான் கணக்கு.

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் 10 கோடிக்கும் மேல். அதில் 7 கோடிக்கும் மேற்பட்டோர் கிராமத்துக்காரங்க. இவங்க உடல் அளவு யாருகிட்ட இருக்கு?

ஆயத்த ஆடைக்காக ‘இந்தியாசைஸ்’ என்று ஒன்றிய ஜவுளித் துறை ஒரு திட்டம் போட்டது. 6 நகரங்கள், 25,000 பேர், வயது 15 முதல் 65 வரை. நல்ல முயற்சி, பாராட்டுறோம். ஆனா நாத்து நட்டு, களை பறிச்சு முதுகு வளைஞ்ச நம்ம ஊர் 70 வயசுப் பாட்டி அந்தக் கணக்கில் எங்கே?

வயசானா முதுகெலும்பு அமுங்கி உயரம் குறையும். கைப்பிடி பலமும் குறையும். கூன் விழுந்தவரைச் சுவரோரம் நிறுத்தி உயரம் எடுக்க முடியாது. அதுக்காகவே முழங்கால் உயரத்தை அளந்து கணக்கிடும் முறை இருக்கு. அந்த அளவு தெரியாமல் செய்தால், நாற்காலியில் உட்கார்ந்தா கால் தரையில் படாது, பஸ் படியில் கால் எட்டாது, கழிப்பறையில் பிடிச்சு எழுந்திருக்கக் கம்பி இருக்காது. விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சா, அந்தக் குடும்பமே படுத்துடும் தோழர்களே!

நம் கோரிக்கை மூன்று:

1. கிராமத்து முதியோரின் உடல் அளவுகளை, ஆண் பெண் தனித்தனியாக, மாவட்டந்தோறும் அரசு எடுக்கணும். 65 வயதோடு நிறுத்தக் கூடாது.

2. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் வீடு தேடிப் போகுது. பிரஷர் பார்க்கும்போதே முழங்கால் உயரம், மணிக்கட்டு உயரம் ரெண்டையும் குறிச்சுக்கலாம்.

3. அரசு வாங்கும் கைத்தடி, நாற்காலி, பேருந்துக்கான டெண்டரில் அந்த அளவுகள் இடம்பெறணும்.

அரசு செய்யும்வரை நாம சும்மா இருக்க வேண்டாம். நாளைக்கே உங்க தெருவில் தடி ஊன்றி நடக்கிற தாத்தா, பாட்டியைப் பாருங்க. பிடி மணிக்கட்டுக்கு வருதான்னு பாருங்க. வரலைன்னா, பட்டனை அமுக்கிச் சரிபண்ணிக் கொடுங்க. மரத்தடின்னா அளந்து அறுத்துக் கொடுங்க, அடியில் ரப்பர் மாட்டுங்க. ஓட்டு கேட்கப் போன வீட்டுக்கு, இந்த முறை இஞ்ச் டேப்போட போவோம்!