சொல்லக் கூசும் நோய்



மூக்கில் இரத்தம் வடிந்தால் ஊரைக் கூட்டுகிறோம். மலத்தில் இரத்தம் கண்டாலோ, வீட்டாரிடம் கூடச் சொல்லாமல் மறைத்துவிடுகிறோம். பெருங்குடற் புற்றுநோய் இந்தக் கூச்சத்தின் நிழலில்தான் வளர்கின்றது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களை நீங்கள் அறிவீர்கள். அவருடைய தங்கைக்கு வந்தது மலக்குடற் புற்றுநோய். முதலில் அதைச் சீதபேதி என்றே கருதினார்கள். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. மருத்துவர் ஒருவரின் குடும்பத்திலேயே இப்படி! 1954-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியதற்கு அந்தத் துயரமே வித்து.

நாமும் இரத்தத்தைக் கண்டதும் 'மூலம்' என்றோ 'உடம்புச் சூடு' என்றோ தீர்ப்புக் கூறிவிட்டு, மோரைக் குடித்து அமைகிறோம். பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கலாம். ஆயினும் தீர்ப்புக் கூற வேண்டியவர் மருத்துவர் அல்லவா?

பெருங்குடலின் உட்சுவரில் மருவைப் போன்ற சிறு முளைகள் தோன்றுவதுண்டு. அவற்றுட் சில, ஏறத்தாழப் பத்து ஆண்டுகளில், மெல்ல மெல்லப் புற்றாக மாறுகின்றன. இவ்வளவு அவகாசம் தரும் பகைவன் அரியவன்! விளக்கும் படக்கருவியும் பொருத்திய நெகிழ்குழாயை ஆசனவாய் வழியே செலுத்திப் பார்ப்பதற்குக் 'கொலனோஸ்கோப்பி' என்று பெயர். முளை தென்பட்டால் அப்போதே அகற்றிவிடலாம். புற்று வரும் வழியே அடைபடும்.

மேலை நாடுகள் பலவற்றில் 45 அல்லது 50 வயது கடந்தோருக்கு, கண்ணுக்குப் புலப்படாத இரத்தத்தைக் காட்டும் மலச்சோதனை முறையாக நடைபெறுகிறது. நம் நாட்டில் 2016-இல் வகுத்த திட்டம் வாய், மார்பு, கருப்பைவாய் ஆகிய மூன்றின் புற்றுகளையே மக்களிடையே தேடச் சொன்னது. குடல் அதில் இடம்பெறவில்லை. ஆகவே அறிகுறிகளை அறிந்திருப்பதே இங்கு முதற்காவல்.

இரத்தம் ஒன்றுதான் அறிகுறி என்பதில்லை. மலங்கழியும் வழக்கம் சில வாரங்களாக மாறியிருத்தல், கழித்த பின்னும் மிச்சம் இருப்பதுபோன்ற உணர்வு, காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவையும் உண்டு. இவற்றினும் வஞ்சகமானது சோகை. வயலில் உழைக்கும் பெரியவர் களைத்துப்போனால் வயதின்மேல் பழி போடுகிறோம். குடலின் வலப்பக்கத்துப் புற்றோ, கண்ணுக்குத் தெரியாமல் இரத்தத்தைக் கசியவிட்டு, களைப்பாகவே வெளிப்படும். பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் வந்திருந்தால், அறிகுறி இல்லாவிடினும் 40 வயதிலேயே, சில வேளை அதற்கும் முன்பே, சோதனை வேண்டும்.

கல்வராயன் மலையின் சாமையும் தினையும் நார்ச்சத்து மிக்கவை, குடலுக்கு நல்லவை. புகையிலையும் மதுவும் கெடுப்பவை. ஆனால் தினைச்சோறு உண்பவரை இந்நோய் அண்டவே அண்டாது என்று நம்பிவிடாதீர்கள்.

கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டமாயிற்று. 2022-இல் அங்கே அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பெற்றது. வெள்ளிமலையிலிருந்து இறங்கிவரும் முதியவர் அங்கே சீட்டு வாங்கி, நாணத்தால் 'வயிற்று வலி' என்று மட்டும் சொல்லித் திரும்பிவிடக் கூடும். உடன் செல்லும் பேரனோ பேத்தியோ நீங்களாக இருந்தால், இரத்தம் வந்ததையும், எத்தனை நாளாக வருகிறது என்பதையும் நீங்களே மருத்துவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.