லாச்சிக்குள் கிடக்கும் பெட்டி

ஸ்காபரோவில் ஒரு குடும்ப வைத்தியரின் கிளினிக்கில் தாதியாக வேலை செய்கிறேன். இன்றைக்குப் பெருங்குடல் புற்றுநோய்ச் சோதனை பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

போன மாதம் பிரஷர் பார்க்க ஒரு அம்மா வந்தார். வயது 68. "அம்மா, டொக்டர் எழுதிவிட்ட மலப் பரிசோதனைப் பெட்டி தபாலில வந்ததோ?" என்று கேட்டேன்.

"வந்தது பிள்ளை. உடுப்பு லாச்சிக்குள்ள கிடக்கு. எனக்குத்தான் ஒரு வருத்தமும் இல்லையே."

நேயர்களே, வருத்தம் இல்லாதவர்களுக்குத்தான் இந்தச் சோதனை! குடலுக்குள் சிறு முளையாகத் தொடங்குவது புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் பல வருடங்கள் எடுக்கும். வலி இராது. கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தம் கசியலாம். அதைத்தான் 'ஃபிட்' என்ற இந்த மலப் பரிசோதனை பிடிக்கிறது. நேரத்தோடு பிடித்தால் பத்தில் ஒன்பது பேரைச் சுகப்படுத்தலாம்.

அந்த அம்மாவின் பயம் வேறு. "கையில படுமோ?" என்று மெதுவாகக் கேட்டார். மாதிரிப் பெட்டியைத் திறந்து காட்டினேன். மலம் தண்ணீரில் விழாமல் தாங்க ஒரு காகிதம். மூடியோடு ஒட்டிய சிறு குச்சி. அதால் நாலைந்து இடத்தில் சுரண்டி, திரும்பக் குழாய்க்குள் விட்டு இறுக்கி மூடினால் சரி. எடுத்த திகதியைக் கட்டாயம் எழுதவேண்டும். பலர் மறப்பது அதைத்தான். அம்மா விளக்கத்தாளில் அந்த இடத்துக்குப் பேனாவால் ஒரு புள்ளி போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் போன் வந்தது: "பிள்ளை, தபாலில போட்டாச்சு."

முன்பு இருந்த சோதனைக்கு மூன்று தடவை மலம் எடுக்கவேண்டியிருந்தது. 2019இல் ஒன்ராறியோவுக்கு ஃபிட் வந்தபின் ஒரு தடவை போதும், பத்தியமும் இல்லை. 50 முதல் 74 வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, இலவசம். வைத்தியர் எழுதினால்தான் பெட்டி வீட்டுக்கு வரும். குடும்ப வைத்தியர் இல்லாதவர்கள் 811ஐ அழையுங்கள்.

நேரம் நெருங்குகிறது, இரண்டு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். பெற்றோர், சகோதரர், பிள்ளைகளில் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால் உங்களுக்கு நேரே குடலைக் கமராவால் பார்க்கும் கொலனோஸ்கோபிதான். வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மலத்தில் இரத்தத்தைக் கண்ணால் கண்டால் பெட்டிக்குக் காத்திராமல் உடனே கிளினிக்குக்கு வாருங்கள்.

இன்று இரவே லாச்சியைத் திறந்து பாருங்கள். பெட்டி இல்லையென்றால், அடுத்தமுறை டொக்டரிடம் போகும்போது "எனக்கு ஃபிட் எழுதித் தாங்கோ" என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.