நாட்டு மாட்டைக் கண்காட்சிக்குத் தயார் செய்வது எப்படி?

(சிதம்பரம் வட்டார விவசாயிகள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கண்காட்சி என்றதும் நம்மில் பலர், "அது பெரிய பண்ணைக்காரர்கள் சமாச்சாரம், நமக்கு எதற்கு?" என்று ஒதுங்கிவிடுகிறோம். ஒரு பசுவும் ஒரு கன்றும் வைத்திருப்பவர் தாராளமாக இதில் இறங்கலாம். எங்கே தொடங்குவது, விதிகளை எப்படிப் புரிந்துகொள்வது என்பதைப் பற்றிச் சொல்கிறேன்.

முதல் படி கன்றுப் பேரணிதான். கால்நடை பராமரிப்புத் துறையினர் கிராமங்களில் நடத்தும் சுகாதார முகாம்களில் கன்றுகளை வரிசையாக நிறுத்தி, நன்றாக வளர்க்கப்பட்டவற்றுக்குப் பரிசு தருகிறார்கள். வாடகை வண்டி வேண்டாம். அரைநாள் வேலை. கூட்டத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் கன்று பழகிவிடும். அதன் பிறகு வெளியூர்க் கண்காட்சியைப் பற்றி யோசிக்கலாம்.

எந்த இனம்?

நம் கடலூர் மாவட்டத்தின் தென்கோடி, கொள்ளிடத்தின் வடகரை. ஆற்றைத் தாண்டினால் உம்பளாச்சேரி மாட்டின் தாயகம். நாகப்பட்டினம் மாவட்டத்து உம்பளாச்சேரி ஊரின் பெயரே இனத்துக்கும் பெயர். தெற்கத்தி மாடு, தஞ்சாவூர் மாடு, மொட்டை மாடு என்றும் சொல்வார்கள். உருவம் சிறிது, கால் குட்டை. ஆனால் சேற்று உழவில் வெயிலில் ஆறேழு மணி நேரம் சளைக்காமல் நடக்கும். பால் நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர்தான். டிராக்டர் வந்தபின் இந்த மாட்டுக்கு வேலை குறைந்தது. பாலுக்குக் கலப்பினப் பசு வந்தது. இரண்டு பக்கமும் இடம் இழந்த மாடு இது. நல்ல காளைக் கன்று பிறந்தாலும் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறோம். பொலிகாளைக்கு ஊரில் பஞ்சம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். சந்தை மதிக்காத அந்தக் கன்றுக்குக் கண்காட்சியில் மதிப்பு உண்டு. அதனால்தான் இதை உங்களிடம் வற்புறுத்துகிறேன்.

இன அடையாளம்

கண்காட்சி விதிகளில் முக்கியமானது இனப் பிரிவு. இது உலகெங்கும் உள்ள வழக்கம். ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவின் குட்டைக் குதிரை 42 அங்குல உயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்டால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த இனப் பிரிவில் அதற்கு இடம் கிடையாது. நம் மாட்டுக்கும் அப்படித்தான். உம்பளாச்சேரிக் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். முகம், கால், வால் ஆகிய இடங்களில் வெள்ளை தெரியும். ஆறு முதல் எட்டு மாதத்தில் அந்தச் செந்நிறம் மாறிச் சாம்பல் நிறம் ஏறும். இதை அறியாதவர்கள் செங்கன்றைப் பார்த்து, "கலப்பு" என்று கழித்துவிடுகிறார்கள். நெற்றியில் வெள்ளைச் சுட்டி, காலில் காலுறை போட்டது போன்ற வெள்ளை, சிறிய கொம்பு ஆகியவற்றைப் பாருங்கள். இந்த இனத்து எருதுகளுக்குக் கொம்பைத் தீய்ப்பதும் காதை நறுக்குவதும் பழைய வழக்கம். கொம்பும் காதும் இன அடையாளங்கள். கண்காட்சிக்கு என்று வளர்க்கும் மாட்டில் அவற்றில் கை வைக்காதீர்கள். சூடு போடுவதும் வேண்டாம். அதனால் மாட்டுக்கு வேதனையைத் தவிர வேறொன்றும் இல்லை.

தாய் உம்பளாச்சேரியாக இருந்தால் மட்டும் போதாது. சினைக்கு விட்ட காளையும் அதே இனமாக இருக்க வேண்டும். ஊரில் காளை இல்லையென்றால், பசு பருவத்துக்கு வருவதற்கு முன்பே கால்நடை மருந்தகத்தில் உம்பளாச்சேரி உறைவிந்து கேட்டு வையுங்கள். சினை ஊசி போட்ட தேதியையும் கன்று ஈன்ற தேதியையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வயதைப் பற்றிக் கேள்வி எழுந்தால் அந்த நோட்டு பேசும். நோட்டு இல்லாவிட்டால் பல்லைத்தான் பார்ப்பார்கள். நாட்டு மாட்டுக்கு முதல் ஜோடி நிலைப்பல் சுமார் இரண்டரை வயதில் வரும். கிடாரிப் பிரிவில் பதிந்த மாடு நான்கு பல்லோடு வந்து நின்றால் வாதாடிப் பயனில்லை.

விண்ணப்பமும் பயணமும்

அறிவிப்பை முழுதும் படியுங்கள். கடைசித் தேதி, வயது வரம்பு, கறவையா வறட்டா, உரிமையாளர் நேரில் வர வேண்டுமா என்பவை ஊருக்கு ஊர் மாறும். காதில் 12 இலக்க வில்லை இருக்கட்டும். கோமாரித் தடுப்பூசியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசே இலவசமாகப் போடுகிறது. ஊசி போட்ட மறுநாளே எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். புறப்படும் வாரத்தில் ஓடாதீர்கள். 2022-இல் தோல் கழலை நோய் பரவியபோது வட மாநிலங்களில் மாட்டுச் சந்தைகளையே நிறுத்த வேண்டி வந்தது. அதனால் நோய் விதியை அதிகாரிகளின் கெடுபிடி என்று எண்ண வேண்டாம்.

லாரியில் ஏற்றிச் செல்ல மருத்துவர் சான்று வேண்டும். 1978-ஆம் ஆண்டு விதிப்படி ஒரு லாரியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது. நிறைசினை மாட்டை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

பழக்குவதற்கு இரண்டு மாதம் போதும். தினமும் கயிற்றைத் தளர்வாகப் பிடித்து நடத்துங்கள்; நாலு காலும் சமமாக ஊன்றி நிற்கப் பழக்குங்கள். குளம்பு வளர்ந்திருந்தால் முன்கூட்டியே சீவ வேண்டும். கடைசி நேரத்தில் புண்ணாக்கைக் கொட்டி ஊதவைத்தால் வயிறுதான் கெடும்.

நாட்டு இனம் வளர்ப்பவருக்கு மத்திய அரசின் தேசிய கோபால் ரத்னா விருது 2021 முதல் இருக்கிறது. முதல் பரிசு 5 லட்சம் ரூபாய். அங்கீகரிக்கப்பட்ட இனமாக இருக்க வேண்டும் என்பது விதி. உம்பளாச்சேரி அந்தப் பட்டியலில் உண்டு.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். கண்காட்சி முடிந்து திரும்பிய மாட்டை, பரிசு பெற்றதாக இருந்தாலும், நேரே மற்ற மாடுகளோடு கட்டாதீர்கள். மூன்று வாரமாவது தனியே கட்டி, தனித் தொட்டியில் தண்ணீர் காட்டுங்கள். வாயில் நுரை, காலில் புண், தோலில் முடிச்சு, இவற்றில் எது கண்டாலும் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.