வெறுப்பு யாருக்கு லாபம்?

(வேளாங்கண்ணி தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், யூத வெறுப்பை ஆராய்வதற்கென்றே 1982 முதல் ஒரு மையம் இயங்கி வருகிறது. வெறுப்பை ஆராயவும் பல்கலைக்கழகமா என்று கேட்கலாம். அந்த நகரிலிருந்து ஆண்ட ஹிட்லர் கும்பல் சுமார் 60 லட்சம் யூதர்களைக் கொன்றது. அந்த விஷம் எப்படிப் பரவியது என்று அறிய வேண்டாமா?

1929க்குப் பின் ஆலைகள் மூடின, லட்சக்கணக்கானோர் வேலையிழந்தனர். காரணம் முதலாளித்துவ நெருக்கடி. நாஜிகளோ யூதனைக் காட்டினார்கள். பெருமுதலாளிகள் அவர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். யூதர் கடைகளைப் பகிஷ்கரிக்கச் சொன்னது 1933 ஏப்ரல் 1. தொழிற்சங்க அலுவலகங்களைக் கைப்பற்றியது மே 2. இடையில் ஒரே மாதம்!

நம் கொச்சிக்கு வருவோம். அங்கே யூதர்கள் அரசர் ஆதரவில் வாழ்ந்தார்கள். 1568ல் ஜெபாலயம் கட்டினார்கள். ஆனால், அடிமைகளின் வழிவந்த யூதர்களுக்கு அதற்குள் சம இடமில்லை. அவர்களில் ஒருவரான வழக்கறிஞர் ஏ.பி. சேலம் சத்தியாக்கிரகம் செய்தார், வேலி தளர்ந்தது.

நம் வயலிலும் வேலி போடப் பார்க்கிறார்கள். 2023ல் வடமாநிலத் தொழிலாளர்களைப் பற்றிப் பொய்ப் படங்கள் பரவின. நடவுக்கு வந்த வங்காளத்தானால்தான் கூலி குறைகிறது என்கிறார்கள். கூலியை நிர்ணயிப்பவன் அவனா? அவனும் வயிற்றுக்காக ரயிலேறியவன்தானே?

அவனைச் சங்கத்தில் சேர்ப்போம். ஒரே வேலைக்கு ஒரே கூலி கேட்போம். வெறுப்புக்கு நமது பதில் அதுவே!