திருச்சியை ஜெயித்தது யார்?
(மன்னார்புரம் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



நாம் கூடியிருக்கின்ற இந்த மன்னார்புரத்துக்குப் பக்கத்தில்தான் பொன்மலை இருக்கின்றது. 1753ல் அந்தப் பாறைக்காக இங்கிலீஷ்காரனும் பிரஞ்சுக்காரனும் அடித்துக்கொண்டு மாண்டார்கள். எங்கோ சீமையில் பிறந்தவர்களுக்கு நம் ஊர்ப் பாறை எதற்கு என்று கேட்பீர்கள். சொல்லுகிறோம்.

ஆற்காட்டு நவாப் பட்டத்துக்கு இரண்டு பேர் போட்டி. சந்தா சாயபுவுக்குப் பிரஞ்சுக்காரன் துணை. முகம்மது அலிக்கு இங்கிலீஷ் கம்பெனி துணை. முகம்மது அலி திருச்சிக் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தார். 1751ல் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்து, 50 நாள் முற்றுகையைத் தாங்கினான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். அது சரிதான். ஆனால் ஆற்காட்டுக்கு அவன் போனதே திருச்சியை நெருக்கிய படையைப் பிரித்து இழுப்பதற்காகத்தான். யுத்தத்தின் முடிச்சு இங்கேதான் இருந்தது.

1752ல் லாரன்சும் கிளைவும் உதவிப்படையோடு திருச்சிக்கு வந்து சேர்ந்தார்கள். பிரஞ்சுத் தளபதி லா என்பவர் பயந்துபோய் ஏப்ரல் மாதத்தில் காவேரியைத் தாண்டிச் சீரங்கத் தீவுக்குள் புகுந்துகொண்டார். சீரங்கம் கோவிலும் திருவானைக்காவல் கோவிலும் கோட்டைகளாகிவிட்டன. சுற்றிச் சுற்றி மதில், இரண்டு பக்கமும் ஆறு. இனி யார் என்ன செய்ய முடியும் என்று நினைத்தார்கள் போலும்!

கிளைவ் மதிலை இடிக்கப் போகவில்லை. கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, புதுச்சேரியிலிருந்து வரும் வழியை அடைத்தான். தானியம் இருந்த லால்குடி போயிற்று. கோவிலடியைத் தஞ்சாவூர்ப் படை பிடித்தது. அப்புறம் மதிலுக்குள் என்ன இருக்கும்? பசிதான் இருக்கும். சந்தா சாயபுவின் ஆட்கள் கூட்டங்கூட்டமாய்க் கலைந்தார்கள். தஞ்சாவூர்த் தளபதி மானோஜி, தப்புவிப்பதாகக் கத்தியின்மேல் சத்தியம் செய்து சந்தா சாயபுவை வரவழைத்தான் என்று சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். சத்தியத்தின் யோக்கியதை என்னவென்றால், வந்தவருடைய தலை போயிற்று. ஜூன் மாதத்தில் லாவும் சரணடைந்தார். ரங்கநாதர் எந்தக் கட்சியில் இருந்தார் என்பது மாத்திரம் இன்றுவரை தெரியவில்லை! (சிரிப்பு)

இன்னொரு வேடிக்கை. கோவிலுக்குள் இருந்த ராஜபுத்திர வீரர்கள் ஆயிரம் பேர், மூன்றாம் மதிலைத் தாண்டி வந்தால் வெட்டிப்போடுவோம் என்றார்களாம். வெள்ளைக்காரனும் மரியாதையாக ஒப்புக்கொண்டானாம். அத்தனை நாளும் துப்பாக்கியும் மருந்தும் உள்ளே குடியிருந்ததால் வராத தீட்டு அது! நம்மில் ஒரு கூட்டத்தார் கோவிலுக்குள் நுழைய 1947ல் ஒரு சட்டம் செய்ய வேண்டியிருந்தது. துப்பாக்கிக்கு எந்தச் சட்டமும் வேண்டியிருக்கவில்லை.

சண்டை இதோடு நிற்கவில்லை. உதவிக்கு வந்தால் திருச்சியைத் தருகிறேன் என்று மைசூர் நஞ்சராஜனுக்கு முகம்மது அலி வாக்குக் கொடுத்திருந்தார். காரியம் ஆனதும் இல்லை என்றுவிட்டார். மைசூரான் பிரஞ்சுக்காரனோடு சேர்ந்துகொண்டான். மறுபடியும் முற்றுகை. 1753ல் கோட்டைக் களஞ்சியத்தைத் திறந்து பார்த்தால், நவாபின் மைத்துனரே தானியத்தை விற்றுப் பணமாக்கிவிட்டார். மூன்று வாரத்துக்குத்தான் மிச்சம். ஊர் ஜனங்கள் சட்டி பானையோடு வெளியேறினார்கள். சண்டை யாருடையது, ஊர் யாருடையது பாருங்கள். பொன்மலைச் சண்டையெல்லாம் இந்தச் சோற்று வண்டிகளுக்காக நடந்ததுதான். அந்த வண்டிகளைக் காட்டிலும் மேட்டிலும் பத்திரமாய்க் கொண்டுவந்து சேர்த்தவன் நம் நாட்டுச் சிப்பாய், பேர் யூசுப் கான். அதே கம்பெனியாரும் நவாபும் சேர்ந்து 1764ல் அவனை மதுரையில் தூக்கில் போட்டார்கள்.

1754ல் டூப்ளேயைச் சீமைக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். முகம்மது அலி நவாபு ஆனார். சண்டைச் செலவுக்கென்று கம்பெனிக்காரர்களிடம் வாங்கிய கடனுக்கு நம் ஊர் நிலவரியை ஈடு வைத்தார். 1801ல் கர்நாடகம் முழுதும் கம்பெனி கைக்குப் போயிற்று. நவாபின் குடும்பத்துக்கு நிகர வரும்படியில் ஐந்தில் ஒரு பங்கு என்று உடன்படிக்கை எழுதினார்கள். உழுதவனுக்கு எத்தனையில் ஒரு பங்கு என்று அதில் எழுதவில்லை.