ஈயம் வைக்கிற வேலை: கையும் பத்திரம், பிள்ளையும் பத்திரம்

(வட்டார அளவிலான கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் எங்கள் களப்பணிக் குழு சார்பாகப் பேசியது.)



இந்த மாதம் கடன் திருப்பம் பற்றிப் பேசப் போவதில்லை, பயப்பட வேண்டாம். செல்போன் ரிப்பேர் வேலையைப் பற்றிப் பேசப் போகிறோம். முன்பெல்லாம் தீர்மான நோட்டைத் திறந்தால் கறவை மாடு, ஆடு, தையல் மெஷின் என்றுதான் இருக்கும். இப்போது "செல்போன் சர்வீஸ் செய்ய" என்று எழுதி வருகிறது. படித்துவிட்டு வீட்டில் இருக்கிற பெண்பிள்ளைகளும், ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் முப்பது நாள் பயிற்சி முடித்தவர்களும் கேட்கிறார்கள். நல்ல விஷயம்.

"இதெல்லாம் ஆம்பளைங்க வேலையாச்சே" என்று போன கூட்டத்தில் ஒரு சகோதரி கேட்டார். 1991, 92-இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் பெண்களைச் சைக்கிள் ஓட்டச் சொன்னபோதும் இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் இதே பேச்சுத்தான் இருந்தது. அதை இங்கே உட்கார்ந்திருக்கிற பெரியம்மாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ராஜஸ்தானில் திலோனியா என்ற ஊரில் 1972-இல் தொடங்கிய பேர்ஃபூட் காலேஜ் இருக்கிறது. அங்கே எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்கள் ஆறு மாதம் உட்கார்ந்து, பாகங்களை நிறத்தை வைத்து அடையாளம் கண்டு, ஈயம் வைத்து, சோலார் விளக்கு செய்யப் பழகுகிறார்கள். அதே மாநிலத்தில் துங்கர்பூர் மாவட்டத்துப் பழங்குடிப் பெண்கள், நம்மைப் போலக் குழுவில் இருப்பவர்கள்தான், மும்பை ஐஐடியின் உதவியோடு சோலார் விளக்கு சேர்க்கப் பழகி, பிறகு சோலார் தகடு செய்யும் கம்பெனிக்கே பங்குதாரர் ஆனார்கள். ஆகவே முடியுமா முடியாதா என்ற கேள்விக்கு இதற்கு மேல் நேரம் செலவழிக்க வேண்டாம்.

நாங்கள் பேச வந்தது வேறு.

அன்னவாசல் பக்கம் ஒரு குழு. அதில் ஒரு சகோதரி பயிற்சி முடித்து, குழுவில் கடன் வாங்கி, வீட்டிலேயே ரிப்பேர் செய்கிறார். கடை பிடித்தால் வாடகை, அட்வான்ஸ், அதனால் வீடு. மெஷினுக்கு எவ்வளவு, சாமானுக்கு எவ்வளவு என்று நாங்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுத்தோம். எங்கே உட்கார்ந்து வேலை செய்வீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. அது எங்கள் தவறு, இங்கே ஒத்துக்கொள்கிறோம்.

நாலு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தோம். அடுப்படித் திண்ணையில் வேலை நடக்கிறது. ஒரு கையில் சூட்டுக்கோல், இன்னொரு கையில் போன் போர்டு. மூன்றாவது கை கிடையாதே, அதனால் ஈயக் கம்பியைப் பல்லில் கடித்துப் பிடித்திருக்கிறார். பக்கத்தில் டீ டம்ளர். தவழ்கிற வயதுப் பிள்ளை தரையில் கிடந்த பளபளப்பான மணிகளைப் பொறுக்கி விளையாடுகிறது. அத்தனையும் சொட்டி விழுந்த ஈயம்.

"ஏம்மா, இது வாய்க்குள்ள போகலாமா?" என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் இந்தப் பேச்சுக்கே காரணம். "ஈயம்தானேக்கா? எங்க பாட்டி ஈயச் சொம்புலதான் ரசம் வைக்கும்."

அவர் மேல் தப்பில்லை. தமிழில் ஒரே ஈயம் என்ற சொல் இரண்டு உலோகத்துக்கு வருகிறது. வெள்ளீயம் ஒன்று, காரீயம் ஒன்று. ரசச் சொம்பும் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிற பூச்சும் வெள்ளீயம். காரீயம் விஷம். ரிப்பேர் கடைகளில் பெரும்பாலும் ஓடுகிற கம்பி இரண்டும் கலந்தது. சுருளின் மேல் 60/40 அல்லது 63/37 என்று போட்டிருக்கும். பின்னால் வருகிற எண்தான் நூற்றுக்கு எத்தனை பங்கு காரீயம் என்பது.

ஏன் கலக்கிறார்கள்? வெற்று ஈயச் சொம்பை அடுப்பில் வைத்தால் உருகிப் போகும் என்பது உங்களுக்கே தெரியும். ரசத்தை ஊற்றிவிட்டுத்தான் வைப்போம். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். காரீயம் 327 டிகிரியில். ஆனால் இரண்டையும் 63-க்கு 37 என்று சேர்த்தால் 183 டிகிரியிலேயே உருகிவிடும். குறைந்த சூட்டில் உருகி, பளிச்சென்று பிடிக்கும், பழகுகிறவர் கைக்கு எளிது. அதுதான் காரணம்.

சரி, இந்தக் காரீயம் உடம்புக்குள் எப்படிப் போகிறது? பலரும் புகை வழியாக என்று நினைக்கிறார்கள். சூட்டுக்கோலின் முனை 350 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் காரீயம் ஆவியாகிப் பறப்பதில்லை. அது போவது கை வழியாக. கம்பியைத் தொட்ட கை, டீ டம்ளர், வெற்றிலை, சாதம், பிள்ளையின் வாய். தரையில் விழுந்த தூளும் மணியும் தவழ்கிற பிள்ளை வழியாக. உள்ளே போனது எலும்பில் போய்த் தங்கும். கர்ப்பமாக இருந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும், தாய்ப்பாலிலும் கொஞ்சம் வரும். சின்னப் பிள்ளைகளுக்கு மூளை வளர்ச்சி பாதிக்கும். இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. ரத்தசோகை இருக்கிறவர்கள் உடம்பு காரீயத்தை அதிகமாக இழுத்துக்கொள்ளும். நம்மில் எத்தனை பேருக்கு ரத்தசோகை என்று அங்கன்வாடிப் பதிவேட்டைப் பார்த்தால் தெரியும். முருங்கைக்கீரையும் கேழ்வரகும் இங்கேயும் கைகொடுக்கும். ஆனால் கீரை தின்றால் போதும், கை கழுவ வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

புகை வேறு ஆபத்து. ஈயம் பிடிப்பதற்காகக் கம்பிக்குள்ளும் பேஸ்டிலும் பைன் மரப் பிசின் சேர்த்திருக்கிறார்கள். சுட்டவுடன் வாசனையாக வெள்ளைப் புகை வருகிறதே, அது அதுதான். தினமும் குனிந்து அதை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரும், ஒருமுறை வந்தால் லேசாகப் போகாது. முகத்தில் துண்டைக் கட்டினால் நிற்காது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, சின்ன ஃபேனை புகை முகத்துக்கு வராமல் வெளியே இழுக்கிற மாதிரி வைக்க வேண்டும். போர்டின் மேல் காற்று அடிக்கிற மாதிரி வைத்தால் ஈயம் ஆறிப் பிடிப்பு கெட்டுவிடும்.

இதையெல்லாம் அந்தக் குழுவில் சொன்னதும் என்ன ஆயிற்று தெரியுமா? "விஷ வேலைக்குக் குழுப் பணமா? அடுத்த தவணை கொடுக்கக் கூடாது" என்று நாலைந்து பேர் எழுந்துவிட்டார்கள். அந்தச் சகோதரிக்குக் கோபம் வந்துவிட்டது. "செங்கச் சூளையில அஞ்சு வருஷம் புகை குடிச்சேன். அப்ப யாரு வந்து எனக்குக் கூடாதுன்னு சொன்னீங்க? இப்ப நாலு காசு கையில பாக்குறப்ப மட்டும் விஷமா?"

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரம் கூட்டமே பேசவில்லை.

கடைசியில் எடுத்த முடிவு வேலையை நிறுத்துவது அல்ல, இடத்தை மாற்றுவது. மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கினார்கள். பிள்ளை வராதபடி இடுப்பளவு கதவு. மேஜை மேல் துடைக்கிற மாதிரி ஒரு தகடு. கம்பியைப் பிடிக்க பல்லுக்குப் பதில் கிளிப் வைத்த ஸ்டாண்டு. வேலைக்கென்று ஒரு பழைய சட்டை, அதைப் பிள்ளைத் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவைப்பது. வேலை முடிந்ததும் விளக்குமாறு போடாமல் ஈரத்துணியால் துடைப்பது, ஏனென்றால் பெருக்கினால் தூள் கிளம்பும். கழித்த ஈயத்தை மூடி போட்ட டப்பாவில் சேர்ப்பது. குப்பைக்குழியில் போடுவதோ எரிப்பதோ கூடாது. சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குவது. பால் கொடுக்கிற காலம் முடியும் வரை காரீயம் இல்லாத கம்பி.

அந்தக் கம்பியில் வெள்ளீயத்தோடு கொஞ்சம் வெள்ளியும் செம்பும் இருக்கும், 'லெட் ஃப்ரீ' என்று போட்டிருக்கும். விலை கூடுதல். சுமார் 217 டிகிரி வேண்டும், அதனால் கைப்பழக்கமும் கூடுதலாக வேண்டும். புகை ஆபத்து இதிலும் உண்டு. ஐரோப்பாவில் 2006-லேயே காரீயத்துக்குத் தடை வந்துவிட்டது. நம் நாட்டிலும் 2011-இல் வந்த மின்னணுக் கழிவு விதிகள் வரம்பு வைத்தன. புதுப் போன்கள் பெரும்பாலும் இந்த ஈயத்தில்தான் வருகின்றன. பழுது பார்க்கிற கையில்தான் பழைய கம்பி நிற்கிறது.

பிள்ளைக்கு ரத்தத்தில் காரீயம் எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனை உண்டு. "வீட்டில் ஈயம் உருக்குகிறோம்" என்று டாக்டரிடம் நாமாகச் சொன்னால்தான் அவருக்கு அந்த நினைப்பு வரும்.

அடுத்து, 'ரீபாலிங்' கற்றுக்கொள்ள மெஷின் வேண்டும் என்று இரண்டு மனு வந்திருக்கிறது. குழுவில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு அது என்னவென்று தெரிய வேண்டும். போனுக்குள் இருக்கிற பெரிய சிப்புக்குக் கால் கிடையாது. அடியில் புள்ளிக் கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி வரிசையாக ஈய உருண்டைகள் இருக்கும். ஒவ்வொன்றும் கசகசாவில் பாதி கூட இருக்காது. போன் கீழே விழுந்தாலோ தண்ணீர் போனாலோ ஒரு புள்ளி விட்டுப்போனால் போதும், போன் செத்துவிடும். பேஸ்ட் விட்டு புளோயரால் சூடான காற்று அடித்துச் சிப்பைத் தூக்க வேண்டும். உருகும் முன்னே நெம்பினால் போர்டின் தடமே உரிந்துவிடும். பழைய ஈயத்தைச் செம்புப் பின்னல் வைத்து ஒற்றி எடுத்து, சுத்தம் செய்து, ஓட்டைகள் உள்ள சல்லடைத் தகட்டைச் சிப்பின் மேல் பொருத்தி, ஈயப் பசையைத் தேய்த்து, மிச்சத்தை வழித்துவிட்டு மறுபடி சூடு. பசை தானாக உருண்டையாகும். ஆறிய பிறகு தகட்டை எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் உருண்டைகள் தகட்டோடு வந்துவிடும். பிறகு சிப்பை அதன் இடத்தில் வைத்துச் சூடு காட்டினால், ஈயம் உருகும்போது அதுவே இழுத்துக்கொண்டு சரியாக உட்காரும். பார்க்கவே அழகாக இருக்கும்.

ஆனால் முதல் வருடத்துக்கு இது வேண்டாம் என்பது எங்கள் கருத்து. சார்ஜிங் பின், ஸ்பீக்கர், மைக், டிஸ்ப்ளே இவற்றில்தான் தினசரி வருமானம். ரீபாலிங் செய்த போன் எல்லாம் நிற்பதும் இல்லை. சில சமயம் சிப்பே உள்ளே கெட்டிருக்கும், சூடு பட்டதில் நாலு நாள் ஓடிவிட்டு மறுபடி நின்றுவிடும். அதை வாங்கும்போதே வாடிக்கையாளரிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் காசு வாங்கினால் ஊருக்குள் பெயர் போகும். பழைய உடைந்த போர்டில் ஐம்பது தடவை பழகிவிட்டு வரட்டும், அப்புறம் மெஷின் கடன் பற்றிப் பேசலாம்.

தீ விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். சூடு காட்டும் முன் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். உப்பின பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். போர்டு துடைக்கிற ஐபிஏ திரவம் பெட்ரோல் மாதிரி பற்றும், அடுப்படியில் இந்த வேலை கூடாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம். எர்த் உள்ள மூணு பின் பிளக், ஸ்டாண்டில் சூட்டுக்கோல், இழுத்துச் செருகின முந்தானை, கட்டின தலைமுடி, கண்ணுக்குக் கண்ணாடி. சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள்; மையும் வேண்டாம், பேஸ்டும் வேண்டாம்.

இனிமேல் இந்தத் தொழிலுக்கு வரும் கடன் மனுவில், வேலை செய்யப்போகும் இடத்தைப் பிரதிநிதிகள் இருவர் நேரில் பார்த்த பிறகே தீர்மானம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். சாய்ப்பு இறக்க, ஃபேன் வாங்க ஆகிற செலவையும் கடன் தொகையிலேயே சேர்க்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு அந்தச் சகோதரி தன் சாமான்களோடு வந்து செய்து காட்டச் சம்மதித்திருக்கிறார். வீட்டில் ஓடாமல் கிடக்கிற பழைய போன் இருந்தால் எடுத்து வாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் கொண்டுவர வேண்டாம், எங்களிடம் சொல்லுங்கள்.